மணல் உப்புக்கொத்தி: ஒன்றா, இரண்டா, மூன்றா?

கோடியக்கரைச் சேற்றுவெளியில் குளிர்காலத்தில் கூட்டம் கூட்டமாக இரை தேடும் மணல் உப்புக்கொத்திகளில் உண்மையில் எத்தனை இனங்கள்? இந்தக் கேள்விக்கு ஏறத்தாழ 250 ஆண்டுகளாக விடை சொல்லிவருகிறார்கள். மூன்று பெயர்களோடு தொடங்கிய கணக்கு, இருபதாம் நூற்றாண்டில் இரண்டாகக் குறைந்தது. 2023இல் மறுபடி மூன்றாகிவிட்டது. எண் பழைய இடத்துக்கே வந்திருந்தாலும் அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் புதியவை. ஒவ்வொரு காலத்தவரும் பறவையின் வெவ்வேறு கூறுகளைப் பார்த்து விடை சொன்னார்கள். முதலில் இறகின் நிறம், பிறகு அலகின் நீளம், பிறகு நடையும் குரலும், கடைசியாக மரபணு. எந்த விடை எதை நம்பி எழுந்தது, அது எங்கே வலுவிழக்கிறது, தொலைநோக்கியோடு கரையில் நிற்பவருக்கு எவ்வளவு உதவும் என்று தொகுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிக்கல் எங்கே?

உப்புக்கொத்திகள் உள்ளான்களோடு கலந்து திரியும் சிறு கரைப்பறவைகள். நம் கரைக்கு வரும் மற்ற சிறு உப்புக்கொத்திகளிடமிருந்து மணல் உப்புக்கொத்திகளைப் பிரிப்பது அவ்வளவு கடினமில்லை. பட்டாணி உப்புக்கொத்திக்கும் வெண் உப்புக்கொத்திக்கும் பின்கழுத்தைச் சுற்றி வெள்ளை வளையம் உண்டு. மணல் உப்புக்கொத்திகளுக்கு அது இல்லை. பின்கழுத்து முதுகின் நிறத்திலேயே இருக்கும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அண்மைக்காலம் வரை ‘சிறிய மணல் உப்புக்கொத்தி’ என்று ஒரே பெயரில் வழங்கிய பறவை 18 முதல் 21 செ.மீ. நீளம். ‘பெரிய மணல் உப்புக்கொத்தி’ 22 முதல் 25 செ.மீ. குளிர்காலத்தில் இரண்டுக்கும் முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெள்ளை, மார்பின் இருபுறமும் பழுப்புத் திட்டு. சிறியதற்குள்ளேயே சைபீரியாவில் கூடு கட்டும் பறவைகள், திபெத்திலும் அதையொட்டிய மலைகளிலும் கூடு கட்டும் பறவைகள் என இரு பிரிவுகள். குளிர்காலக் கோலத்தில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும் நிற வேறுபாடு மிக மிகக் குறைவு.

காலமும் ஒரு காரணம். முதிர்ந்த பறவைகள் ஜூலை இறுதியிலும் ஆகஸ்டிலும் வந்து சேரத் தொடங்கும். இனப்பெருக்கக் கோலத்தின் மிச்சம் அப்போது அவற்றின் மேல் இருக்கும். அவற்றைத் தொடர்ந்து, இறகோரங்களில் வெளிறிய விளிம்போடு இளம்பறவைகள் வரும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாம் ஒரே சாயல். மார்ச் பாதிக்கு மேல் செம்பழுப்பும் கறுப்பும் ஏறத் தொடங்கும். நிறம் முழுமை பெறும் நேரத்தில் பறவை வடக்கே கிளம்பிவிடும். கோடையில் கரையிலேயே தங்கிவிடுபவை பெரும்பாலும் ஒரு வயது இளம்பறவைகள். அவற்றுக்கு அந்த ஆண்டு முழு நிறமும் ஏறாது. ஆகவே நிறத்தை நம்பி நம் கரையில் விடை தேடுபவருக்கு ஆண்டில் சில வாரங்களே கிடைக்கும்.

முதல் விடை: பாடம் செய்த தோல்கள்

பதினெட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர்கள் பெயர் சூட்டியது பெரும்பாலும் பாடம் செய்த பறவைகளைப் பார்த்து. ரஷ்யப் பேரரசின் பணியில் சைபீரியா எங்கும் பயணம் செய்த ஜெர்மானிய இயற்கையியலாளர் பீட்டர் சைமன் பல்லாஸ், 1776இல் இவற்றுள் ஒன்றை ‘மங்கோலஸ்’ என்று விவரித்தார். 1826இல் பிரெஞ்சு அறிஞர் ரெனே லெஸ்ஸன் பெரிய மணல் உப்புக்கொத்தியைத் தனி இனமாக விவரித்தார். அதற்கு மூலமான மாதிரி கிடைத்த இடம் புதுச்சேரி. அங்கே பணியாற்றிய பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெஷனால்ட் த லா தூரின் பெயரே பறவைக்கும் அமைந்தது. மத்திய ஆசியப் பாலைகளில் முட்டையிடும் ஒரு பறவையை அறிவியல் முதன்முதலாக அறிந்துகொண்டது சோழமண்டலக் கரையில். மூன்று ஆண்டுகள் கழித்து, 1829இல் ஜொஹான் வாக்லர் வங்காளத்திலிருந்து கிடைத்த மாதிரியைக் கொண்டு ‘அட்ரிஃப்ரான்ஸ்’ என்ற மூன்றாவது பெயரைத் தந்தார். இன்று திபெத்திய மணல் உப்புக்கொத்தி எனப்படுவது இதுதான்.

இவர்களின் விடைக்கு ஒரு வலிமை உண்டு. இனப்பெருக்கக் கோலத்தில் வேறுபாடு வெளிப்படையானது. சைபீரிய ஆண்பறவையின் நெற்றியில் வெள்ளைத் திட்டு, அதை நடுவே பிளக்கும் கறுப்புக் கோடு, வெள்ளைத் தொண்டைக்கும் செம்பழுப்பு மார்புக்கும் இடையே மெல்லிய கறுப்பு ஓரம். திபெத்திய ஆணுக்கு நெற்றி பெரும்பாலும் முழுக் கறுப்பு. சிலவற்றில் சிறு வெண்புள்ளிகள் எஞ்சும். மார்புக்கு மேலே அந்தக் கறுப்பு ஓரம் இருக்காது. பெரிய மணல் உப்புக்கொத்தியின் செம்பழுப்புப் பட்டை இவற்றைவிட ஒடுக்கமானது.

பலவீனம், அந்த மாதிரிகள் வந்த விதத்தில் இருந்தது. புதுச்சேரியிலும் வங்காளத்திலும் கிடைத்தவை வலசை வந்த பறவைகள். அவை எங்கே முட்டையிடுகின்றன, அங்கே ஒன்றோடொன்று கலக்கின்றனவா என்ற கேள்வியைத் தோலைப் பார்த்துத் தீர்க்க முடியாது. குளிர்காலக் கோலத்தில் சுடப்பட்ட பறவையின் தோல் எந்தப் பெயருக்குரியது என்பதிலும் குழப்பம் நேர வாய்ப்பிருந்தது.

இரண்டாவது விடை: சேர்த்துவைத்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் முதற்பாதியில் இனம் என்ற கருத்தே மாறியது. உருவ வேறுபாடு மட்டும் போதாது, இனப்பெருக்கத் தனிமை வேண்டும் என்ற பார்வை வலுப்பெற்றது. 1942இல் வெளிவந்த எர்ன்ஸ்ட் மேயரின் நூல் அதற்கு அழுத்தமான வடிவம் கொடுத்தது. நிறத்தில் மட்டும் மாறுபட்டு வெவ்வேறு நிலப்பகுதிகளில் கூடு கட்டும் பறவைகள், ஒரே இனத்தின் துணையினங்களாகத் தொகுக்கப்பட்டன.

அப்படித்தான் பல்லாஸின் பறவையும் வாக்லரின் பறவையும் ‘சிறிய மணல் உப்புக்கொத்தி’ என்ற ஒரே கூரையின்கீழ் ஐந்து துணையினங்களாயின. கிழக்கு சைபீரியாவின் உள்நாட்டிலும் கம்சட்கா, சுகோட்கா பக்கத்திலும் இரண்டு. பாமிர், தியான்ஷான் மலைகளிலும் இமயத்திலும் கிழக்குத் திபெத்திலும் மூன்று. பெரியது தனி இனமாகவே நீடித்தது. சலீம் அலியும் தில்லன் ரிப்ளியும் 1968 முதல் 1974 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட இந்தியா, பாகிஸ்தான் பறவைக் கையேடு உட்பட, நம் துணைக்கண்டத்தின் பறவை நூல்கள் நெடுங்காலம் இந்த இரண்டினப் பாகுபாட்டிலேயே நடந்தன.

இதன் தர்க்கம் எளிது. சிறியவை இரண்டும் அளவில் நெருங்கியவை. எனவே உறவிலும் நெருங்கியவை. பெரியது அளவில் விலகியது. எனவே உறவிலும் விலகியது. உருவ ஒற்றுமையே உறவுக்குச் சான்று என்ற இந்த அனுமானம் பல பறவைகளில் சரியாக அமைவதுதான். இங்கே அதைச் சோதிக்க அப்போது வழியில்லை. சைபீரியப் பறவைகள் முட்டையிடும் நிலத்துக்கும் திபெத்தியப் பறவைகள் முட்டையிடும் நிலத்துக்கும் இடையே பெரும் இடைவெளி இருக்கிறது. இரண்டும் ஒரே இடத்தில் கூடு கட்டினால்தானே, கலக்கின்றனவா இல்லையா என்று பார்க்க முடியும்?

மூன்றாவது விடை: அலகையும் காலையும் அளந்தவர்கள்

இன எண்ணிக்கை இரண்டா மூன்றா என்ற விவாதம் ஒருபுறமிருக்க, கரையில் நிற்கும் ஒரு பறவையைச் சிறியது, பெரியது என்று பிரிப்பதே தனிக் கலையாக வளர்ந்தது. இதில் அளவீட்டுக்காரர்களின் பங்களிப்பு பெரிது. 2000இல் ‘பிரிட்டிஷ் பேர்ட்ஸ்’ இதழில் ஹிர்ஷ்ஃபெல்ட், ரோசலார், ஷிரிஹாய் மூவரும் எழுதிய விரிவான கட்டுரை இத்துறையில் ஒரு மைல்கல்.

இவ்வழியினர் சொல்லும் முக்கியமான அடையாளங்கள் இரண்டு. முதலாவது, அலகின் நீளத்தை, அலகடியிலிருந்து கண்ணின் பின்விளிம்பு வரையுள்ள தூரத்தோடு ஒப்பிடுவது. சிறியதில் இரண்டும் ஏறத்தாழ சமம். பெரியதில் அலகு தெளிவாக நீளம். இரண்டாவது, அலகு நுனியின் புடைப்பு. உப்புக்கொத்தியின் மேலலகைப் பக்கவாட்டில் உற்றுப்பார்த்தால், அடிப்பகுதி தாழ்வாக ஓடி, நடுவில் ஓரிடத்தில் மேடாக எழும்பி, பிறகு கூர்முனையில் இறங்குவது தெரியும். அந்த மேடு அலகின் பாதிக்கு மேல் இருந்தால் பெரியது, பாதிக்குக் குறைவாக இருந்தால் சிறியது. கூடவே, பெரியதன் கால்கள் நீண்டு, வெளிர்மஞ்சள் அல்லது பச்சை கலந்திருக்கும். பறக்கும்போது விரல்கள் வால்நுனியைத் தாண்டித் தெரியும். சிறியதன் கால்கள் பெரும்பாலும் கருஞ்சாம்பல்.

பறவை கையில் இருந்தால் இந்த முறை நன்றாகவே உதவும். கோடியக்கரையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகப் பறவைகளுக்கு வளையமிட்டு வருகிறது. பீகாரின் மீர்ஷிகார் என்னும், பறவை பிடிப்பதில் தலைமுறைத் திறமை கொண்டவர்களின் கைவண்ணமும் அந்தப் பணிக்குத் துணை நின்றது. பிடித்த பறவையின் சிறகு, அலகு, கணுக்கால் ஆகியவற்றை மில்லிமீட்டர் கணக்கில் அளந்து குறித்த பிறகே வளையம் ஏறும்.

பலவீனம் எங்கே? வேறுபடுத்த வேண்டிய இடத்தில்தான் அளவுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுகின்றன. பெரியதன் மேற்குத் துணையினமான ‘கொலம்பினஸ்’ துருக்கி, சிரியா, ஜோர்டான் பகுதிகளில் கூடு கட்டுவது. அதன் அலகு மற்றப் பெரியவற்றைவிடக் குட்டை. சிறியவற்றுள் திபெத்தியப் பிரிவின் அலகோ சைபீரியப் பிரிவைவிடச் சற்று நீளம். ஆகக் குட்டை அலகுள்ள பெரியதும் நீள அலகுள்ள சிறியதும் நெருங்கி வந்துவிடுகின்றன. கால் நிறத்தைச் சேறு மறைத்துவிடும். நூறு மீட்டருக்கு அப்பால் கானல் நீரில் ஆடும் பறவையின் அலகைக் கண்ணளவில் எடைபோடுவது எவ்வளவு நம்பத்தக்கது என்ற கேள்வியும் நிற்கிறது.

திபெத்தியப் பறவையின் அலகு பெரியதன் அலகை நோக்கி நீண்டிருப்பதை அளவீட்டுக்காரர்கள் ஓர் இடைஞ்சலாகவே பார்த்தார்கள். உறவைப் பற்றிய குறிப்பாக அது பரவலாக வாசிக்கப்படவில்லை. பின்னாளில் வந்த மரபணு முடிவை வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் கனம் தெரிகிறது.

நான்காவது விடை: நடை, இரை, குரல்

அனுபவமிக்க பறவை நோக்கர்கள் பலர், அளவைவிடப் பறவையின் மொத்த நடத்தையை நம்புகிறார்கள். உப்புக்கொத்திகள் இரை தேடும் முறையே தனி. உள்ளான்களின் அலகு நுனியில் தொடுவுணர்வு மிகுதி. சேற்றுக்குள் அலகை விட்டுத் துழாவியே புழுவைக் கண்டுபிடித்துவிடும். உப்புக்கொத்தி கண்ணை நம்புவது. நாலைந்து எட்டு விரைந்து ஓடி, சட்டென்று நின்று, தலையை நிமிர்த்திப் பார்க்கும். சேற்றின் மேல் ஏதாவது அசைந்தால் குனிந்து ஒரே கொத்து. இல்லையென்றால் திசை மாற்றி மறுபடி ஓட்டம். பெரிய கண்கள் இருப்பதால் இரவிலும் இப்படியே இரை தேட முடிகிறது. ஓதம் வற்றும் நேரம்தான் அதற்குச் சாப்பாட்டு நேரம். பகலா இரவா என்பது இரண்டாம்பட்சம். ஓதம் ஏறியதும் கூட்டமாக உப்பளத்து வரப்புகளிலோ மணல் திட்டுகளிலோ ஒதுங்கி, காற்றை நோக்கி நின்று இளைப்பாறும்.

இந்தப் பொதுவான நடத்தைக்குள் சில சாய்வுகள் சொல்லப்படுகின்றன. பெரியது மணற்பாங்கான கரையையும் நண்டையும் கூடுதலாக விரும்பும். கொத்துகளுக்கு இடையே அதிக நேரம் நிற்கும். நீண்ட காலால் எட்டும் அகலம். சிறியது சேற்றை விரும்பும், அடர்ந்த கூட்டமாகத் திரியும். குரலில், சிறியது குறுகிய, கடினமான ஒலி எழுப்பும்; பெரியதன் ஒலி உருண்டு நீளும்.

இவையெல்லாம் பயனுள்ள குறிப்புகள்தாம். ஆனால் சாய்வு வேறு, சான்று வேறு. மணல் உப்புக்கொத்திகள் இரண்டும் ஒரே கூட்டத்தில் கலந்து மேயும். ஓதமும் காற்றும் மனித நடமாட்டமும் அவற்றின் நடையை மாற்றும். பார்வையாளர் எந்த முடிவை எதிர்பார்த்து வந்தாரோ அந்த முடிவுக்கேற்ற நடையைக் கண்டுவிடும் அபாயமும் உண்டு. சைபீரியப் பறவையையும் திபெத்தியப் பறவையையும் குளிர்காலத்தில் நடத்தையால் பிரிக்கலாம் என்று துணிந்து சொல்வோர் அநேகமாக இல்லை.

ஐந்தாவது விடை: மரபணு

2022இல் ‘ஆர்னிதாலஜி’ இதழில் வெளிவந்த ஆய்வு இந்த வரலாற்றில் ஒரு திருப்பம். சீனா, ரஷ்யா, ஐரோப்பா ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் குழு, மணல் உப்புக்கொத்திகளின் மரபணுத் தொகுதியை விரிவாக ஒப்பிட்டது. முடிவு பழைய அனுமானத்தைத் தலைகீழாக்கியது. திபெத்தியப் பறவைக்கு மிக நெருங்கிய உறவு சைபீரியப் பறவை இல்லை; பெரிய மணல் உப்புக்கொத்திதான். சைபீரியப் பறவை இவ்விரண்டிலிருந்தும் முன்பே விலகிய கிளை.

அப்படியானால் ‘சிறிய மணல் உப்புக்கொத்தி’ என்ற தொகுப்பு, உறவினரை விட்டுவிட்டு அண்டை வீட்டாரைச் சேர்த்துக்கொண்ட குடும்ப அட்டை போல ஆகிறது. அதைத் திருத்த மூன்று வழி: மூன்றையும் ஒரே இனமாக்க வேண்டும், திபெத்தியதைப் பெரியதோடு சேர்க்க வேண்டும், அல்லது மூன்றையும் தனித்தனி இனமாக்க வேண்டும். பெரியதும் திபெத்தியதும் தத்தம் அடையாளத்தோடு நீடிப்பதால் கடைசி வழியே ஏற்கப்பட்டது. 2023இல், பறவைப் பதிவுகளைத் திரட்டும் ஈபேர்ட் தளம் பின்பற்றும் பட்டியல் சைபீரிய மணல் உப்புக்கொத்தி, திபெத்திய மணல் உப்புக்கொத்தி என்று பிரித்தது. கூடவே இன்னொரு மாற்றமும் வந்தது. ‘சராட்ரியஸ்’ என்ற பழைய பேரினமே ஒரே கிளையைச் சேர்ந்ததாக இல்லை என்று வேறு ஆய்வுகள் காட்டியதால், மணல் உப்புக்கொத்திகள் ‘அனாரிங்கஸ்’ பேரினத்துக்கு மாறின. அது முன்பு, அலகு வலப்பக்கம் வளைந்த நியூசிலாந்து உப்புக்கொத்தி ஒன்றுக்கு மட்டுமே உரியதாக இருந்தது.

மரபணு விடைக்கும் எல்லைகள் உண்டு. கிளை பிரிந்த வரிசையை அது காட்டும். எவ்வளவு பிரிந்தால் தனி இனம் என்ற கோட்டை ஆய்வாளர்கள்தாம் போட வேண்டும். துணையினங்கள் ஒவ்வொன்றிலிருந்தும், குறிப்பாக எட்டமுடியாத மலைப்பகுதிகளிலிருந்து, போதிய மாதிரிகள் சேர்வதைப் பொறுத்து உட்பிரிவுகளின் படம் இன்னும் மாறலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, சேற்றில் நிற்கும் பறவை தன் மரபணுவை நெற்றியில் ஒட்டிக்கொண்டு நிற்பதில்லை.

பெயர் மாறினால் என்ன மாறும்?

இது வெறும் பட்டியல் தகராறு என்று ஒதுக்கிவிட முடியாது. சைபீரியப் பிரிவும் திபெத்தியப் பிரிவும் வெவ்வேறு வான்வழிகளைப் பயன்படுத்துகின்றன. திபெத்தியப் பறவை இமயத்தைக் கடந்து, 2,000 கிலோமீட்டருக்கும் மேல் பறந்து நம் கரைக்கும் இலங்கைக்கும் வருகிறது. மேற்கே அரேபியா, கிழக்காப்பிரிக்கா வரை செல்லும் பிரிவும் உண்டு. சைபீரியப் பறவை கிழக்காசியக் கரை வழியே ஆஸ்திரேலியா வரை செல்கிறது. சிலவற்றின் பயணம் 8,000 கிலோமீட்டரைத் தாண்டும்.

அந்தக் கிழக்கு வழியில் மஞ்சள்கடலின் சேற்றுவெளிகள் தவிர்க்க முடியாத இளைப்பாறும் இடங்கள். அங்கே கடலைத் தூர்த்து நிலமாக்கும் பணிகள் பெருமளவில் நடந்தன. தென்கொரியாவின் சேமன்கும் கடற்சுவர் 2006இல் மூடப்பட்டது. மஞ்சள்கடலை எந்த அளவுக்கு நம்பியிருக்கிறதோ அந்த அளவுக்கு ஒரு கரைப்பறவை வேகமாகக் குறைகிறது என்று 2017இல் ‘நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்’ இதழில் வந்த ஆய்வு காட்டியது. ஆஸ்திரேலியா 2016இல் தன் சட்டப் பட்டியலில் சிறிய மணல் உப்புக்கொத்தியை அருகிய இனமாகச் சேர்த்தது. அங்கே போவது பெரும்பாலும் சைபீரியப் பிரிவு. இரண்டையும் ஒரே இனமாக எண்ணும் வரை, மேற்கு வழியில் இருக்கும் எண்ணிக்கை கிழக்கு வழியின் சரிவை மறைத்துவிடும். பிரித்து எண்ணினால் ஆபத்து எங்கே என்பது தெரியும்.

நம் பக்கத்துக் கேள்வி வேறு. 2002இல் ராம்சர் ஈரநிலத் தலமான கோடியக்கரையிலும், 2022இல் அந்தத் தகுதி பெற்ற மன்னார் வளைகுடாவிலும் குவிபவை திபெத்தியப் பறவைகள் என்றே கொள்கிறோம். எதை வைத்து? பெரும்பாலும் நிலப்படத்தை வைத்து. பட்டியல் பிரியும்போது ஈபேர்ட் போன்ற தளங்கள் பழைய பதிவுகளை இடத்தின் அடிப்படையில் மாற்றியமைப்பது வழக்கம். ஐயமுள்ளவை இரட்டைப் பெயரில் நிற்கும். நடைமுறைக்கு இது சரியான ஏற்பாடு. ஆனால் ‘தமிழகக் கரையில் இருப்பதால் திபெத்தியது’ என்று குறித்துவிட்டு, அந்தக் குறிப்புகளைத் திரட்டித் ‘தமிழகக் கரைக்குத் திபெத்தியதே வருகிறது’ என்று முடிவு சொன்னால், அனுமானமே ஆதாரமாகிவிடுகிறது. வழி தவறி வரும் ஒரு சைபீரியப் பறவை இந்தச் சுழலில் சிக்கிக் காணாமல் போகும்.

மதிப்பீடு

ஐந்து விடைகளையும் அருகருகே வைத்தால், சிறியவற்றை ஒன்றாகச் சேர்த்த இரண்டாவது விடையைத் தவிர எதுவும் முழுதாகத் தள்ளப்படவில்லை. உறவைப் பொறுத்தவரை மரபணுச் சான்றே இன்று வலுவானது. மூன்று இனம் என்ற முடிவு நிலைக்கும் என்றே தோன்றுகிறது. இனப்பெருக்கக் கோலத்தைப் பொறுத்தவரை பல்லாஸ், லெஸ்ஸன், வாக்லர் கண்ட வேறுபாடுகள் மெய்ப்பட்டிருக்கின்றன. குளிர்காலத்தில் பெரியதைப் பிரிக்க அலகின் விகிதமும் நுனிப்புடைப்பும் காலும் சேர்ந்தால் நல்ல வழிகாட்டிகள்; தனித்தனியே நம்பத்தக்கவை அல்ல. நடையும் குரலும் துணைச்சான்றாக மட்டுமே நிற்கும்.

தீராமல் இருப்பவை மூன்று. திபெத்தியப் பிரிவுக்குள் உள்ள மூன்று துணையினங்களில் எது, எந்த விகிதத்தில் தென்னிந்தியக் கரையில் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பது முதலாவது. சைபீரியப் பறவைகள் வங்காள விரிகுடாவின் மேற்குக் கரைக்கு எவ்வளவு வருகின்றன என்பது இரண்டாவது. பிரிப்புக்கு முன் எழுதப்பட்ட கணக்கெடுப்புகளைப் புதிய பெயர்களோடு எவ்வளவு தூரம் பொருத்திப் படிக்கலாம் என்பது மூன்றாவது. வளையமிடும்போது சிறகின் அளவோடு இறகு மாதிரியும் சேகரிப்பது, ஏப்ரல் மாதத்தில் முகம் தெளிவாகத் தெரியும்படி ஒளிப்படம் எடுப்பது, சிறு கண்காணிப்புக் கருவிகள் பொருத்துவது ஆகியவை இவற்றுக்கு விடை தேடும் வழிகள்.

அதுவரை களக் குறிப்பேட்டில் ‘மணல் உப்புக்கொத்தி, இனம் உறுதியில்லை’ என்று எழுதுவதைத் தோல்வியாகக் கருத வேண்டியதில்லை. ஜனவரி மாதத்துச் சேற்றில் தொலைவில் நிற்கும் ஒரு பறவை அவ்வளவு தகவலைத்தான் தருகிறது. அதற்கு மேல் எழுதப்படும் பெயர் அடுத்த ஆய்வாளரின் கணக்கில் பிழையாகச் சேரும்.